கால்வாய்க் கரை யாருக்கு?

பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் நடைபாதை வரும், மரங்கள் வரும், நகரத்து ஜனங்கள் மறுபடி தண்ணீரோடு உறவு கொள்வார்கள் என்று நிபுணர்கள் படம் போட்டுக் காட்டுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. கரையில் குடியிருக்கும் ஜனங்களைத்தான் அதில் காணோம்!

இந்தக் கால்வாயை வெட்டியது யார்? கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக ஏழை ஜனங்கள் வெட்டியது. அந்தப் பஞ்சத்தின்போதுதான், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877ல் ரிச்சர்டு டெம்பிள் துரை நிவாரணக் கூலியைக் குறைத்தார். மண் சுமந்தவன் பெயர் எங்குமில்லை. கவர்னர் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது.

விறகும் உப்பும் தோணியில் வந்த காலம் 1965, 1966 புயல்களோடு அநேகமாக முடிந்தது. பிறகு நகரத்துச் சாக்கடை வந்து சேர்ந்தது. பழி மட்டும் குடிசைவாசியின் தலையில்! கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு, 1997ல் திருமயிலை வரை பறக்கும் ரயில் விட்டது குடிசைவாசியா? ரயில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உழைப்பாளியும் அதில்தான் போகிறான். ஆனால் சர்க்கார் தூண் நட்டால் அபிவிருத்தி, ஏழை ஓலை வேய்ந்தால் ஆக்கிரமிப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கோர்ட் உத்தரவின் பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு பெரியவர் தீக்குளித்து மாண்டார். அதன் பிறகே மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போனபின் முடிந்தது முன்பே ஏன் முடியவில்லை? கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களைக் கேளுங்கள். விடியற்காலையில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு, வீடு மாறினால் வேலையும் போயிற்று.

அடையாறு கழிமுகத்தில் குப்பை மேடாய்க் கிடந்த 58 ஏக்கரை உப்பங்கழியாக மீட்டு, 2011ல் பூங்கா திறந்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் முன்அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடிந்தது. சியோல் நகரத்தில் மேம்பாலத்தை இடித்து, 2005ல் பழைய ஓடையைத் திறந்ததை உலகமே மெச்சுகிறது. அங்கேயும் நடைபாதை வியாபாரிகள்தான் இடம் பெயர்ந்தார்கள்.

முதலில் சாக்கடையை அடையுங்கள். கரைவாசிகளுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கட்டி, சாவியைக் கையில் கொடுங்கள். அதன் பிறகு பெஞ்சு போடுங்கள். அந்த வேலைக்கும் அவர்களையே கூலி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.