பட்டியலில் பிறந்த பதங்கள்

ஆங்கிலத்தில் சிங்கக் கூட்டத்துக்கு 'பிரைடு' என்றும், காகக் கூட்டத்துக்கு 'மர்டர்' என்றும், வானம்பாடிக் கூட்டத்துக்கு 'எக்ஸால்டேஷன்' என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டென்று பள்ளி இலக்கண நூல்கள் பிள்ளைகளை நெட்டுருப் பண்ண வைக்கின்றன. ஆங்கில–தமிழ் அகராதி தொகுப்போரும் மொழிபெயர்ப்போரும், அப்பெயர்கள் யாவும் ஒரே தரத்து வழக்குச் சொற்கள் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நேர்ப்பதம் தேடி வருந்துகின்றனர். இவ்வருத்தத்திற் பெரும்பகுதி அநாவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

இப்பெயர்களுட் பலவற்றுக்குப் பிறப்பிடம் 15-ஆம் நூற்றாண்டின் வேட்டை நூல்கள். அக்காலத்து இங்கிலாந்தில், உயர்குடியிற் பிறந்தவன் மானை வீழ்த்தக் கற்றால் மட்டும் போதாது; எந்த மிருகத்தை எந்தப் பதத்தாற் சொல்லுவது முறை என்பதும் அவன் கல்வியில் ஓர் அங்கம். 1486-ல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சிட்டு வெளியான புத்தகம் அக்கல்விக்கு ஏற்பட்டது. வல்லூறு பழக்குதல், வேட்டை, குலச்சின்னங்கள் என்பனவற்றைப் பேசும் அந்நூலின் வேட்டைப் பகுதி ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் மாது இயற்றியதென்பது ஐதிகம். அப்பகுதியின் செய்யுட்கள் நம் தொழிலார் ஊன்றிப் படிக்கத்தக்கவை. மான்கள் 20 சேர்ந்தால் சிறிய 'ஹெர்டு', 40 ஆனால் நடுத்தரம், 80 ஆனால் பெரிது. 'ரோ' என்னும் சிறுமான்கள் 6 கூடினால் 'பெவி'. காட்டுப்பன்றிகள் 12 திரண்டால் 'சௌண்டர்' என்று, கூட்டத்தின் பெயரோடு அதன் தொகையும் அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. காட்டில் தடம் பார்த்துத் திரும்பியவன் இனத்தையும் தொகையையும் ஒரே சொல்லில் தன் எஜமானனுக்குத் தெரிவிக்கக்கூடிய இத்தகைய சொற்களையே தொழிற்பதங்கள் என்று நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

அதே நூலில் வேறொரு பட்டியலும் உண்டு. அது 160-க்கும் மேற்பட்ட உருப்படிகளைக் கொண்டது. அங்கே தொகையும் இல்லை. பல இடங்களில் மிருகமும் இல்லை. பதுங்குதலைக் குறிக்கும் 'ஸ்கல்க்' என்ற ஒரே பதம் நரிகளுக்கும் திருடர்களுக்கும் யாசக விரதம் பூண்ட துறவியருக்கும் பொதுவாக்கப்படுகிறது. வாத்துக்களின் இரைச்சலிலிருந்து வந்த 'காகிள்', கூச்சமின்றிப் பெண்டிர்க்கும் வழங்கப்படுகிறது. கன்னித் துறவியர் திரண்டால் 'மிகை', குழலூதுவோர் திரண்டால் 'வறுமை', நீதிபதிகள் திரண்டால் 'தீர்ப்பு', செப்பிடுவித்தைக்காரர் திரண்டால் 'ஒருநாளும் உருப்படாமை' என்று போகும் இவ்வரிசையைப் படிக்கையில், எழுதியவன் முகத்தில் அரும்பிய முறுவலைக் காணாதவர் இருக்க முடியாது. இவற்றைச் சந்தையில் நின்று எவனேனும் ஒரு கூட்டத்தைச் சுட்டுவதற்கு வழங்கினான் என்று நம்புவது, பரிகாசத்தைச் சாசனமாகப் படிப்பதாகும்.

1909-ல் ஜான் ஹாட்ஜ்கின் என்பவர் லண்டன் பிலாலஜிக்கல் சொசைட்டியின் வாயிலாக வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்பட்டியலின் கணிசமான பகுதி கூட்டப் பெயரே அன்று என வாதித்தார். சில, அந்தந்தப் பிராணியின் குணத்தையோ செயலையோ கூறும் மரபுத் தொடர்கள், சில, வினைச்சொற்கள். பூனைக்குட்டிகளுக்குக் கூறப்படும் 'கிண்டில்' என்பது குட்டி ஈனுதலைக் குறிக்கும் பழைய வினை. எல்லாவற்றிலும் விநோதமானது ஆண் காட்டுப்பன்றிகளுக்குரிய 'ஸிங்குலர்': தனித்துத் திரிவது என்ற பொருளுடைய லத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சில் அப்பன்றிக்கே பெயராகிய சொல், ஆங்கிலப் பட்டியலில் ஏறியபோது, தனியனைக் குறிப்பதை விட்டுத் திரளைக் குறிக்கலாயிற்று! முயல் வேட்டைக்குப் பழக்கும் 'ஃபெரட்' பிராணிகளுக்கு அந்நூல் தந்த 'பிஸினஸ்' என்பதோ, எழுத்துக்களைப் பிழைபட வாசித்தவர்களின் கையில் 'ஃபெஸ்னிங்', பின்பு 'ஃபீமிங்' என உருக்குலைந்து, எவர் வாயிலும் ஒருநாளும் புழங்காத நிலையிலேயே சில அகராதிகளிற் புகுந்துவிட்டது. ஒரு பட்டியலைப் பார்த்து மறுபட்டியல் எழுதும் நம் தொழிலின் பழைய வியாதி இது. நாமும் அதற்குப் புறம்பானவர் அல்லர்.

ஆயினும் பட்டியலில் உள்ளதெல்லாம் போலி என்று தள்ளிவிடவும் இயலாது. நெடுங்காலம் ஏட்டில் உறங்கிய 'பிரைடு' 20-ஆம் நூற்றாண்டில் விழித்தெழுந்து, இன்று விலங்கியலார் சிங்கங்களின் சமூக அமைப்பைப் பற்றி எழுதும் கட்டுரைகளில் நிலையான கலைச்சொல்லாக விளங்குகிறது. நம் மைனாவின் இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்குரிய 'மர்மரேஷன்' அதனினும் சுவையுள்ளது. முணுமுணுப்பைக் குறித்து எழுந்த அச்சொல், ஆயிரக்கணக்கான பறவைகள் மாலை வேளையில், கூடடையுமுன், ஒரே உடல்போல் வளைந்தும் விரிந்தும் வானில் சுழலும் அந்தக் காட்சிக்கே இன்று பெயராகியுள்ளது. அக்காட்சிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பட்டியலில் ஒரு சொல் சும்மா கிடந்தது. காகங்களின் 'மர்டர்' அத்தகைய பேறு பெறவில்லை: யாவரும் அறிந்த விநோதம் அது, ஆனால் பறவையியலார் தம் ஆராய்ச்சியில் 'ஃபிளாக்' என்றே எழுதுகின்றனர். 1968-ல் ஜேம்ஸ் லிப்டன் வெளியிட்ட நூல் பழம்பட்டியலைப் பிரபலமாக்கியதோடு புதியன புனையும் விளையாட்டையும் பரப்பிற்று. விளையாட்டு என்ற அளவில் அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே, அகராதி தொகுக்கும் அன்பர்கள் இப்பதங்களைப் பதிவு செய்கையில், வழக்கிலுள்ளது எது, பட்டியலில் மட்டும் உள்ளது எது என்று தக்க குறியீட்டாற் பிரித்துக் காட்டுதல் வேண்டும். 'பிரைடு' என்பதற்குச் சிங்கக் கூட்டம் என்றெழுதினால் போதும். 'பெருமிதம்' என்று பெயர்த்து விலங்கியற் கட்டுரையைக் கவிதையாக்க வேண்டுவதில்லை. 'மர்டர்' என்பதற்கும் காகக் கூட்டம் என்றே பொருள் தந்து, பட்டியல் வழக்கு என்று குறித்துவிடலாம். நாவலாசிரியன் ஒருவன் அச்சொல்லில் ஒளிந்திருக்கும் கொலையை வேண்டுமென்றே கதைக்குள் இழுத்து வந்தால், அங்கே வாக்கியத்தைப் புதிதாக வகுத்துக்கொள்ளும் சுதந்திரம் மொழிபெயர்ப்பாளருடையது. அதற்கு அகராதியிடம் விடை எதிர்பார்த்தல் நியாயமன்று.