நாலு கோடு நோட்டில் தமிழ் எழுதலாமா?



நம் பள்ளிப் பழைய மாணவர்களுக்கான இணையதளம் ஏன் தாமதம் என்று கேட்கிறீர்கள். "வேர்ட்பிரஸ்ஸில் இலவச தீம் ஆயிரக்கணக்கில் கிடக்கே டீச்சர், ஒன்றை எடுத்துப் போட்டால் ஒரே நாளில் முடியுமே" என்றும் ஒருவர் கேட்டார். தனி தீம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தது நான்தான்.

தெரியாதவர்களுக்கு: வேர்ட்பிரஸ் 2003-இல் வந்த இலவச மென்பொருள். நாம் எழுதுவதையெல்லாம் அது சேர்த்து வைக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிய வேண்டும் என்பது தீமின் வேலை. நாடகம் அதேதான், மேடை அலங்காரம் வேறு.

முதலில் தம்பி (என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது சென்னையில் வேலை) இலவச தீம்தான் போட்டான். "தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் வந்தது" என்ற தலைப்பு போனில் இரண்டு வரியாக மடிந்தது. 'தூ'வின் வால் கீழ்வரி 'ண்'ணின் புள்ளிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் அக்காவுக்கு வயது 74. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணு போச்சுடி" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

தம்பியைக் கேட்டேன். "லோரம் இப்சம் போட்டுப் பார்த்தப்போ நல்லா இருந்துச்சே டீச்சர்" என்றான். இடத்தை நிரப்பிப் பார்க்க வடிவமைப்பாளர்கள் போடும் பொருளற்ற இலத்தீன் வரிகளாம் அவை. அதில் கொம்பு ஏது, சுழி ஏது?

ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு, தமிழுக்கு இரட்டைக் கோடு நோட்டு என்று உங்களை வாங்கச் சொன்னது நினைவிருக்கிறதா? நாலு கோட்டில் தமிழை எழுதச் சொல்லிவிட்டு, கையெழுத்து மோசம் என்று குழந்தையை அடிக்கலாமா?

பிறகு தம்பி தனி தீம் எழுத உட்கார்ந்தான். 1.2 ஆக இருந்த வரி உயரத்தை 1.6 ஆக்கினான். சாய்வெழுத்தை எடுத்தான் (தமிழை எப்போது சாய்த்து எழுதினோம்?). செய்திச் சுருக்கத்துக்கு வேர்ட்பிரஸ் தானாக 55 சொற்களை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது நாலைந்து வரி. நாமோ "பள்ளிக்கூடத்திலிருந்துதான்" என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறவர்கள். போன் திரை முழுக்க அடைத்துக்கொண்டது. 25 ஆக்கிவிட்டோம்.

நான் படித்த காலத்தில் 'லை' எழுத யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி போட வேண்டும். 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது. பழையதைப் படித்த நான் புதியதைக் கற்பித்தேன். நல்ல மாற்றம்தான். அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதியாக எழுத்து அன்று வளைந்து கொடுத்தது. ஓர் எண்ணை மாற்றினாலே வேலை முடியும் இந்தக் காலத்திலும் எழுத்துதான் வளைய வேண்டுமா?

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்க் கோயிலுக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ தளம் செய்தால், முதல் நாளே தமிழைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை ஒன்று போதும். எல்லா எழுத்தும் அதில் இருக்கும், சம்பந்தி ஊர்ப் பெயர் உட்பட.

நம் தளம் இப்போது சோதனையில் இருக்கிறது. பழைய போன், சின்னத் திரை வைத்திருப்பவர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள், இணைப்பு அனுப்புகிறேன். எழுத்து எங்கே இடித்தாலும் படம் பிடித்து அனுப்புங்கள். தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.