மாறி என்பது மாறுமோ?

சென்னையைச் சூழ்ந்த ஊர்களுள் நெமிலிச்சேரி என்னும் பெயர் பூண்டன இரண்டு உள. ஒன்று குரோம்பேட்டையை அடுத்தது. மற்றொன்று பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே புகைவண்டி நிலையத்தோடு விளங்குவது. யாம் வாழ்வது பின்னதில். திருநின்றவூரில் நின்று ஒருவர் இப்பெயரைச் சொன்னால் எம்மூரே பொருளாகும்; பல்லாவரத்தில் நின்று சொன்னால் மற்றையது பொருளாகும். பெயர் ஒன்றேயாயினும், அது வழங்கும் எல்லையே பொருளைத் துணிவிக்கின்றது. தொல்காப்பியத்துள் சார்பெழுத்து என்றால் 3. நன்னூலுள் அதே பெயர்க்கு 10. இதனால் எந்த மாணவரும் மயங்குவதில்லை. ஒரு நூலினுள் நுழைந்தபின் அந்நூலார் இட்ட குறியீடு இறுதிவரை மாறாது என்பதை நாம் அறிவோம்.

இதனை முன்வைத்தே கணினியார் வழங்கும் ஒரு மொழியைப் பற்றிச் சில சொல்லப் புகுந்தோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கு இஃது எற்றுக்கு என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

நூலின் உறுப்புக்களை இது பாட்டு, இது அடி, இது சீர் எனப் பெயரிட்டு, ஒன்றனுள் ஒன்றாக அடக்கி எழுதும் முறை எக்ஸ்எம்எல் எனப்படும். அஃது 1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வகுக்கப்பெற்றது. அவ்வாறு எழுதிய நூலை வேறு வடிவாக மாற்றித் தரும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. ஜேம்ஸ் கிளார்க் என்பார் பதிப்பாசிரியராய் இருந்து அதன் முதல் வரையறையை 1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளிப்படுத்தினார். நூலின் உறுப்புக்களை அம்மொழி ஒரு மரமாகக் காண்கின்றது. மரத்தின் ஒவ்வோர் இடமும் ஒரு கணு. எதனைக் கணுவாகக் கொள்வது, எதனை வெறும் எழுத்துத் தொடராகக் கொள்வது, அவற்றின்மேல் என்னென்ன வினா எழுப்பலாம் என்னும் வரையறையே தரவு மாதிரி எனப்படுவது.

சென்ற கார்காலத்தில் எம்மூரில் நண்பர் நால்வர் கூடி, பயிற்சியின்பொருட்டு எழுதிய 50 நேரிசை வெண்பாக்களை இம்முறையில் அமைக்க முயன்றோம். பாட்டொன்றுக்கு 15 சீராக 750 சீர் வரவேண்டும். கணினி பயிலும் நண்பர் ஒருவர், 'எண்' என ஒரு மாறியை வைத்துச் சீர்தோறும் ஒன்று கூட்டிக்கொண்டே போகலாம் என்றார். மொழி அதற்கு இடந்தரவில்லை. எக்ஸ்எஸ்எல்டியில் மாறிக்கு ஒருமுறை பொருள் தந்தால் தந்ததே. பின்னர் அதனைத் திருத்த இயலாது. மாறாத ஒன்றுக்கு மாறி என்று பெயரிட்டாரே என்று நண்பர் நகைத்தார். யாமோ தமிழிலக்கணம் பயின்றமையால் அதில் வியப்புக் கொள்ளவில்லை. முழுமைக்கும் உரிய ஒரு பெயரை ஒரு வார்ப்புருவினுள் மீண்டும் இட்டு வேறு பொருள் தரலாம். அவ்வெல்லையை விட்டு நீங்கியதும் பழைய பொருளே நிற்கும். இரண்டு நெமிலிச்சேரிகள் போல என்க. இக்கட்டுப்பாடு வீணன்று. அடிகளை எம்முறையில் எடுத்து அலகிடினும் விடை ஒன்றே வருதல் வேண்டும்; பெயர்கள் இடையில் மாறுமாயின் எதனை முதலில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை வேறுபடும். சீரெண்ணிக்கையோ, கணுக்களை ஒருங்கே எண்ணுக என்னும் ஒரே கட்டளையில் முடிந்தது.

எமக்கு உண்மையில் இடர் விளைத்தது மாறியன்று. மாறியினுள் எதனை வைக்கலாம் என்பதே. அலகிடுவோர் முதலில் அசை பிரித்து வாய்பாடு குறிப்பர். குறித்ததனைப் பார்த்துப் பின்பு தளை காண்பர். யாமும் முதற்படியின் விளைவை ஒரு மாறியில் வைத்து, இரண்டாம் படிக்கு அதனையே எடுக்க விழைந்தோம். 1999ஆம் ஆண்டு வரையறை இதனை மறுத்தது. மாறியினுள் புதிதாய் அமைந்த மரத்தைப் படியெடுக்கலாம், வெறுந் தொடராகப் படிக்கலாம். அதனுள் இறங்கி 'இரண்டாம் அடியின் மூன்றாஞ் சீர் யாது?' என வினவலாகாது. மைக்கேல் கே பதிப்பித்து 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் வரையறையே இத்தடையை நீக்கியது. அதில் எல்லாப் பொருளும் வரிசை என்னும் ஒரே வகையுள் அடங்கும். மாறியிலுள்ள மரமும் மூலநூலின் மரமும் நிகரே. வலையுலாவிகளோ தம்மளவில் 1999ஆம் ஆண்டு நிலையைக் கடக்கவில்லை. யாம் முதலில் உலாவியை நம்பி இரண்டு கிழமை வீணாக்கினோம்.

எழுத்தெண்ணிக்கை பிறிதொரு பாடம். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாதென வினவினால் இம்மொழி 5 என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதே காரணம். குறிகளை நீக்கிவிட்டு எண்ணினால் 3 வரும். ஆயின் நீக்கவேண்டும் என்று சொல்பவர் எழுத்தியல் அறிந்தவராதல் வேண்டும்.

இனி, தீராத இடர் ஒன்று. 'அறிந்திலேன் அவன்' என்பது செய்யுளில் 'அறிந்தி லேனவன்' என வகையுளியாய் நிற்கும் எனக் கொள்க. சீர் ஒரு கணு, சொல் ஒரு கணு என வைத்தால், 'அறிந்திலேன்' இரு சீர்களிலும் கால் வைக்கின்றது. மரத்தில் ஒரு கிளை மற்றொன்றனுள் முழுதும் அடங்கலாம், அல்லது புறம்பாக நிற்கலாம். பாதி அடங்குதல் இல்லை. திருமறையைப் பதிப்பிப்போர்க்கும் இது புதிதன்று: ஆதியாகமத்தின் முதற் படைப்பு வரலாறு முதலதிகாரத்தோடு முடியாமல் இரண்டாம் அதிகாரத்து மூன்றாம் வசனம்வரை செல்கின்றது. அங்கே எல்லைக்குறி ஒன்றை இடையில் நட்டு அமைதி காணலாம். இங்கோ 'ன' என்னும் ஓரெழுத்தில் மெய் முன்சொல்லுக்கும் உயிர் பின்சொல்லுக்கும் உரியன. யூனிகோடு அவ்வெழுத்தைப் பிளக்கலாகாத ஒரே குறியெண்ணாக வைத்துள்ளது; அதனுள் குறி நடுதற்கு இடமே இல்லை. ஆதலின் செய்யுள் வடிவம் ஒன்று, சந்தி பிரித்த வடிவம் ஒன்று என இரண்டு மரங்களை வைத்து எண்களால் இணைத்தோம். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்துப் பதிப்பித்த நூல்களைப் பழம்பதிப்புக்களோடு அருகருகே வைத்துப் பயில்வோர் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

இவற்றையெல்லாம் முடிவு செய்வோர் யாவர்? 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி உலகிற்கு வழங்கினர். அவர்க்கு நாம் பெரிதும் கடப்பாடுடையோம். தமிழ்க் கல்வெட்டுக்களை எக்ஸ்எம்எல் வடிவில் அமைக்கும் பணி, 2019இல் ஐரோப்பிய நல்கையோடு தொடங்கிய தர்மா என்னும் ஆராய்ச்சித் திட்டத்தில் நடைபெற்றது. சீரைக் கணுவாக வையாத பதிப்பில் எதிர்காலத்தார் தளையைப் பற்றி எளிதில் வினவ முடியாது. அந்த முடிவு எடுக்கப்படும் அவையில் யாப்பு அறிந்தவர் இருத்தல் வேண்டும். பொறியியலாரைக் குறை கூறுவதில் பயனில்லை. வகையுளி என்ன என்று அவரிடம் நாம் சென்று சொல்லவில்லையே!

எம் கோரிக்கை சிறிது. ஆனர்ஸ் முதலாண்டு யாப்பு வகுப்பில், அலகிடும் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு மணி உள்ளது. அதில் மாதம் ஒருமுறை கணினித் துறை மாணவரை உடன் அமர்த்தி, ஒரு வெண்பாவை மரமாக வரையச் செய்க. எம்மிடமுள்ள 50 பாக்களும் அவற்றின் இரட்டை வடிவங்களும் விரும்புவோர்க்குத் தரப்படும், பிழைகள் உள, முப்பத்தேழாம் பாட்டில் தளை இன்னும் சரியாக வரவில்லை.