அறிவியல் ஆய்விதழ்களை நூலகங்கள் வழியே இணையத்தில் வெளியிட ஆணை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், பொதுச்செயலாளர் மற்றும் செயற்குழுவினர்,
மாநிலப் பல்கலைக்கழகங்கள், அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பணிபுரியும் நூலகர்களின் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: உயர்கல்வி – பல்கலைக்கழக, கல்லூரி ஆய்விதழ்கள் – நூலகங்களின் பொறுப்பில் இணையவழி வெளியீடு – பொதுச் சர்வர், நிதி, பணியிடம் – ஆணை வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நம் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம் எனப் பல துறைகள் சொந்தமாக ஆய்விதழ் நடத்திவருகின்றன. அவற்றை இணையத்தில் ஏற்றுவதையும், தேடுவோர்க்குக் கிடைக்கச் செய்வதையும், அழியாமல் காப்பதையும் அந்தந்த நிறுவனத்தின் நூலகத்திடம் அலுவல்முறைப் பொறுப்பாக ஒப்படைக்க வேண்டும் என்றும், அதற்கான சர்வரும் நிதியும் ஆளும் தர வேண்டும் என்றும் இம்மனுவின் வழியே கேட்டுக்கொள்கிறோம். இன்று இந்த வேலையைச் செய்வது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒரு பேராசிரியர்; கைக்காசைப் போட்டு, வகுப்பு முடிந்த பிறகு.

எங்கள் உறுப்பினர் ஒருவர் பணியாற்றும் கல்லூரியில் தாவரவியல் துறையின் அரையாண்டிதழ் ஒன்று இருந்தது. துறைத்தலைவர் ஆர்வமுள்ளவர். இணையதள முகவரியைச் சொந்த மின்னஞ்சலில் பதிவுசெய்து, ஆண்டுக் கட்டணத்தையும் தாமே கட்டிவந்தார். பணி ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வெளியூர் போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யாரும் திறந்து பார்க்காத அஞ்சல்பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தன. முகவரி காலாவதியாகி வேறு யார் கைக்கோ போய்விட்டது. இப்போது அதைத் தட்டினால் ரம்மி விளம்பரம் வருகிறது. அந்த மாவட்டத்துக் கோயில்காடுகளின் செடிகொடிகளைப் பட்டியலிட்ட கட்டுரைகள் அவ்விதழில் வந்தவை. பின்னால் வந்த ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் உள்ள இணைப்புகளும் அந்த ரம்மி விளம்பரத்துக்கே இட்டுச்செல்கின்றன. பழைய இதழ்களின் அச்சுப் பிரதி நூலகத்தில் கட்டடம் செய்யப்பட்டு இருக்கிறது. செலவைக் குறைக்க அச்சை நிறுத்திவிட்டு இணையத்தில் மட்டும் வெளியிட்ட கடைசி இதழ்கள் எங்கும் இல்லை.

இது உலகெங்கும் நடப்பதுதான். கட்டணமின்றிப் படிக்கக் கிடைத்த ஆய்விதழ்களில் 2000 முதல் 2019 வரை 170-க்கும் மேற்பட்டவை இணையத்திலிருந்து அடியோடு மறைந்துபோனதை ஓர் ஆய்வு கண்டறிந்தது. எல்லா முக்கியத் துறைகளையும் உலகின் எல்லா முக்கிய வட்டாரங்களையும் சேர்ந்த இதழ்கள் அவை. அச்சுக்காலத்தில் ஓர் இதழ் நின்றுபோனாலும் வந்தவரை வந்தது ஏதாவது ஒரு நூலகத்தின் அடுக்கில் கிடக்கும். கோவையிலிருந்து 1913 முதல் வரும் மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல் போன்ற இதழ்களின் தொடக்கக்காலத் தொகுதிகளை இன்றும் புரட்டிப் பார்க்க முடிகிறதென்றால், அது நூலகங்கள் வாங்கி வைத்ததால்தான். இணையத்துக்கு மாறியபோது இதழ்கள் அந்தக் காப்பை இழந்துவிட்டன. நூலகத்தை இதில் சேர்க்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது சிக்கல், நம் இதழ்களின் மதிப்பு. போலி ஆய்விதழ்களின் தொல்லை பெருகியதால் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு அதற்கு மாற்றாகக் ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் குழு அதையும் கைவிட்டு, இதழ்களின் தரத்தை நிறுவனங்களே அளந்துகொள்ளச் சில அளவுகோல்களை முன்வைத்திருக்கிறது. ஆசிரியர் குழு யார், துறை வல்லுநர் மதிப்பீடு எப்படி நடக்கிறது, இதழ் காலம் தவறாமல் வருகிறதா, பழைய இதழ்கள் கிடைக்கின்றனவா என்பன போன்ற கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் இவற்றுக்கான விடையை இணையதளத்தில்தான் தேடுகிறார்கள். ஒழுங்காக மதிப்பீடு செய்து வெளிவரும் நம் துறை இதழ் ஒன்று, இணையதளம் சரியில்லை என்ற ஒரே காரணத்தால் இதில் தோற்றுப்போகிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடும் போலி இதழ்களின் தளங்கள் என்னவோ பளபளப்பாகத்தான் இருக்கின்றன.

“இதழ் வெளியிடுவது நூலகத்தின் வேலையா?” என்று நிதிப் பிரிவில் கேட்பார்கள் என்பதை அறிவோம். நூலகத்தின் வேலைதான் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1995-இல் ‘ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி’ என்ற புகழ்பெற்ற இதழை இணையத்தில் ஏற்றியது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் தொடங்கிய ஹைவயர் என்ற பிரிவு. கட்டணமில்லா ஆய்விதழ்களுக்கு உலகமே இன்று பார்க்கும் டோஜ் பட்டியல், 2003-இல் ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் பிறந்தது. ஆய்விதழ் நடத்த உதவும் ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ என்ற இலவச மென்பொருளை, சுருக்கமாக ஓ.ஜே.எஸ்., கனடாவின் பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் உருவாக்கியது. அதற்கு நெடுங்காலமாகத் துணை நிற்பது சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக நூலகம். இன்று உலகில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் அதில் நடக்கின்றன. பக்கத்தில் இலங்கையில் தேசிய விஞ்ஞான மன்றம் அந்நாட்டு ஆய்விதழ்களை ஒரே தளத்தில் கொண்டுவந்திருக்கிறது. டெல்லியில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் தன் இதழ்களைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. சென்னைக்கே இது புதிதல்ல: சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ நூலை 1931-இல் வெளியிட்டது சென்னை நூலக சங்கம்.

இதில் நூலகர் செய்யும் வேலை பி.டி.எஃப். கோப்பை ஏற்றுவதோடு முடிவதில்லை. இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண் பெற வேண்டும், அதைத் தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. எண் வாங்கிப் பதிய வேண்டும். இணையதள முகவரி மாறினாலும் அந்த எண் கட்டுரையைக் கண்டுபிடித்துத் தரும், நாம் புதிய முகவரியைப் பதிந்துகொண்டே வந்தால். இதைச் சலிக்காமல் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் எங்கள் வாதமே.

ஆசிரியர் பெயரைப் பதிவதிலேயே எவ்வளவு இடறல் இருக்கிறது என்பதை அலுவலர்கள் ஒருமுறை அருகில் இருந்து பார்க்க வேண்டும். நமக்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கண்டதும் ஆய்வு மாணவி அப்பா பெயரை அங்கே எழுதிவிடுகிறார். மேற்கோள் பட்டியலில் ‘முருகேசன், எஸ்.’ என்று ஏறுகிறது. ஆய்வு செய்தவர் செல்வி. பெயர் வாங்கியவர் அப்பா முருகேசன். அடுத்த கட்டுரையில் ‘செல்வி, எம்.’, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்து. ஒரே ஆய்வாளர் தரவுத்தளத்தில் மூன்று பேராக நிற்கிறார், பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை கேட்கும்போது மூன்றையும் ஒன்றாக்க அலைகிறார். ஆய்வாளருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் ஓர்கிட் எண்ணைத் தொடக்கத்திலேயே வாங்கவைத்து, பெயரை ஒரே மாதிரி பதிந்தால் இந்த அலைச்சல் இல்லை. பெயர்ப் பதிவில் பழகிய நூலக அட்டவணையாளருக்கு இது அன்றாட வேலை.

எழுத்துருச் சிக்கல் இன்னொன்று. தமிழில் வரும் அறிவியல் கட்டுரைகளும் தமிழ்ச் சுருக்கங்களும் பலவும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். ‘நெல்’ என்று தேடினால் நெல்லைப் பற்றிய கட்டுரையே வராது. 2010-இல் தமிழ்நாடு அரசே ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆய்விதழ்களுக்கு அந்த ஆணை இன்னும் வந்துசேரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றி. ‘ஒரு நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கியிருக்கிறது. அதன் வழியே 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13 ஆயிரம் இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் படிக்கலாம். எங்கள் மாணவர்கள் பயனடைகிறார்கள். நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பிறர் வெளியிடுவதைப் படிக்க இவ்வளவு செலவிடும்போது, நாம் எழுதுவதை வெளியிடப் பல கல்லூரிகளின் கணக்கில் ஒரு தலைப்புகூட இல்லை. ஓ.ஜே.எஸ். மென்பொருளுக்கு விலை இல்லை. கிராஸ்ரெஃப் என்ற பதிவு அமைப்பின் வழியாக டி.ஓ.ஐ. பதிய உறுப்பினர் கட்டணம் போக, புதிய கட்டுரை ஒன்றுக்கு ஆகும் செலவு சுமார் 1 அமெரிக்க டாலர். சிறு நிறுவனங்கள் பல சேர்ந்து ஒரு பொது நிறுவனத்தின் வழியே உறுப்பினராகவும் அங்கே இடமுண்டு. உண்மையான செலவு ஆள் சம்பளம்தான்.

எதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். எந்தக் கட்டுரையை ஏற்பது, எதைத் திருப்புவது என்பது ஆசிரியர் குழுவின் உரிமை. நூலகர் அதில் தலையிட மாட்டார். நடக்கும் எல்லா இதழ்களையும் தூக்கிப் பிடிக்கவும் நாங்கள் வரவில்லை. பணி உயர்வுக் கோப்புக்காகவே தொடங்கி, வல்லுநர் மதிப்பீடு என்பதே இல்லாமல் ஓடும் இதழ்கள் எங்கள் வளாகங்களிலும் உண்டு. அவற்றை ஏற்றத் தேவையில்லை, மூடிவிடுவதே நல்லது.

ஆகவே, எங்கள் கோரிக்கைகள்:

1. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களின் ஆய்விதழ்கள் அனைத்துக்கும் மாநிலத் தரவு மையத்தில் ஒரே பொது ஓ.ஜே.எஸ். சர்வர் அமைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே சர்வர் வாங்கினால் முதல் ஆண்டு நன்றாக ஓடும், மூன்றாம் ஆண்டு ஹேக்கர் உள்ளே இருப்பார். பராமரிப்பையும் பாதுகாப்பையும் ஓரிடத்தில் வைத்து, இதழ்வாரியான வேலையை அந்தந்த நூலகத்திடம் விட வேண்டும்.

2. இதழின் இணைய முகவரி நிறுவனத்தின் பெயரில், ஏசி.இன் முகவரியின் கீழ் மட்டுமே இருக்க வேண்டும். தனிநபர் பெயரில் உள்ளவற்றை ஓராண்டுக்குள் மாற்ற உத்தரவிட வேண்டும்.

3. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் பொது உறுப்பினராக நின்று எல்லா இதழ்களுக்கும் டி.ஓ.ஐ. பெற்றுத்தர வேண்டும்.

4. காலியாக உள்ள நூலகர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். இது எங்கள் பழைய கோரிக்கை; அது நிறைவேறாமல் மற்றவற்றைச் செய்ய ஆளில்லை. இத்துடன், மாநிலப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றின் நூலகத்திலும் ஆய்விதழ் வெளியீட்டுக்கென உதவி நூலகர் பணியிடம் ஒன்று உருவாக்க வேண்டும். இணைவுபெற்ற கல்லூரிகளின் இதழ்களுக்கும் அவரே வழிகாட்டுவார்.

5. வெளியான இதழ்களின் படிகளைக் குறைந்தது மூன்று இடங்களில் சேமிக்க வேண்டும். ஓ.ஜே.எஸ். இதழ்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு வலையமைப்பு இலவசமாக இயங்குகிறது. ஒரே படி பல நூலகங்களில் இருந்தால் ஓரிடத்தில் அழிந்தாலும் மற்ற இடங்களில் தங்கும் என்று ஸ்டான்ஃபோர்டு நூலகம் வகுத்த முறையில் அது அமைந்தது. அதில் சேர்ந்தாலே முதல் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

6. பழைய அச்சு இதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றவும், தமிழ்க் கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றவும் ஒருமுறை மானியம் வழங்க வேண்டும்.

7. கட்டுரையாளரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்குவதில்லை என்பது இப்பொதுத் தளத்தில் இடம்பெறும் இதழ்களுக்கு நிபந்தனையாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்யச் சொல்லவில்லை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகம், தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று என மூன்று நூலகங்களில் முன்னோட்டமாகத் தொடங்கலாம். அதற்கான வேலைத்திட்டத்தையும் உத்தேசச் செலவு மதிப்பீட்டையும் தனியே தயாரித்து வைத்திருக்கிறோம். 2026–27 நிதியாண்டுக்கான மதிப்பீடுகள் துறையில் முடிவாவதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறும், மேற்கண்ட கோரிக்கைகளின் மீது ஆணை பிறப்பிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர்
பொதுச்செயலாளர்

இடம்: சென்னை
நாள்: 12.08.2025

நகல்:
ஆணையர், கல்லூரிக் கல்வி, சென்னை.
துணைத் தலைவர், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், சென்னை.
பதிவாளர்கள், அனைத்து மாநிலப் பல்கலைக்கழகங்கள்.