மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளில் இருந்து பிளக்-இன் ஜீப் வரை: வட்டக்கச்சியில் ஒரு கணக்கு

இரண்டு வழியில் ஓடும் வாகனம் என்று கொழும்பு விளம்பரங்கள் இப்போது புதுமையாகச் சொல்கின்றன. வன்னியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேட்டருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை உதைத்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். புகை மண்டும், பிளக் கரி பிடிக்கும், ஆனாலும் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. எரிபொருள் என்பது எந்த நேரமும் நின்றுபோகலாம் என்ற எண்ணம் எங்கள் தலைமுறையின் எலும்புக்குள் இருக்கிறது.

அந்த எண்ணத்தைத்தான் இப்போது வாகன விற்பனையாளர்கள் தொடுகிறார்கள்.

2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு வந்த வாகனங்களில் பிளக்-இன் ஹைபிரிட் ஜீப்களும் இருந்தன. சீனாவின் பிவைடி சீலயன் 6 அவற்றில் அதிகம் பேசப்படுவது. அதற்கு முன்பே, தடைக்கு முந்திய வருடங்களில் ஜப்பானில் இருந்து பாவித்த நிலையில் வந்த மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன் வாகனங்கள் இன்று கைமாறிக் கைமாறி விற்பனைக்கு வருகின்றன. ஏ9 வீதியில் இரண்டையும் காணலாம்.

சில மாதங்களுக்கு முன் கனடாவில் உள்ள என் சித்தப்பா மகன் தொலைபேசி எடுத்தான். "அண்ணா, அப்பாவுக்கு ஒரு ஜீப் எடுத்துக் குடுக்கப் போறன். பிளக்-இன் எண்டால் பெற்றோல் பிரச்சினை வந்தாலும் ஓடும்தானே? எதை எடுக்கிறது?" சித்தப்பா வட்டக்கச்சியில் இருக்கிறார். இருதய நோயாளி. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகவேண்டும். மகன் அனுப்பும் காசு போதாத பங்குக்கு இரண்டு ஏக்கர் வயல் உறுதியை ஈடு வைக்கலாம் என்று சித்தப்பாவே சொல்லியிருந்தார். அந்த வயல் அவருடைய தகப்பன் காடு வெட்டித் திருத்தியது. 2009 ஜனவரியில் விட்டுவிட்டுப் போய், முகாமில் இருந்து திரும்பி வந்து, மிதிவெடி அகற்றும்வரை வரம்பில் நின்று பார்த்துப் பார்த்துத் திரும்பப் பெற்ற வயல். ஆகவே இதை வாகனக் கேள்வியாக மட்டும் எடுக்க என்னால் முடியவில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் தரகர்கள் எல்லாவற்றையும் 'ஹைபிரிட்' என்றே சொல்கிறார்கள். வெசல், ரைஸ் போன்ற சாதாரண ஹைபிரிட்டுக்குச் சிறிய பற்றறி. அதைப் பெற்றோல் இயந்திரமும் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியுமே சார்ஜ் செய்யும். சுவரில் கொழுவ முடியாது. பிளக்-இன்னுக்குப் பெரிய பற்றறி. வீட்டில் கொழுவிச் சார்ஜ் ஏற்றினால் குறிப்பிட்ட தூரம் பெற்றோல் இன்றியே ஓடும், தீர்ந்ததும் சாதாரண ஹைபிரிட் போலப் பெற்றோலில் போகும். சீலயன் 6 இன் பற்றறி 18.3 கிலோவாற்-மணி. முதல் தலைமுறை அவுட்லாண்டருக்கு 12. குளிரூட்டியுடன் எங்கள் வெயிலில் ஓடும்போது முதலாவதில் 70 முதல் 80 கிலோமீற்றர் எதிர்பார்க்கலாம். பத்து வருடம் பழைய அவுட்லாண்டரில் முப்பது கிலோமீற்றர் கிடைத்தால் சந்தோசப்படவேண்டும்.

இனிக் கணக்கு. சித்தப்பாவின் ஓட்டம் மாதம் சுமார் 600 கிலோமீற்றர். கிளிநொச்சி ரவுணுக்கும் கோவிலுக்கும் வயலுக்குமாக 450, யாழ்ப்பாணம் போய்வர 150. லீற்றருக்குப் 16 கிலோமீற்றர் போகும் சாதாரண ஹைபிரிட் ஒன்றுக்கு 37.5 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 11,250 ரூபாய்.

புதிய பிளக்-இன்னில் ஊர் ஓட்டம் முழுவதும் மின்சாரத்தில் போகும். யாழ்ப்பாணப் பயணத்தில் போகும் பாதி மின்சாரம், திரும்பும் பாதி பெற்றோல். சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 75 கிலோமீற்றருக்கு 20 யூனிட் வேண்டும். அப்படியானால் மாதம் 140 யூனிட் மின்சாரம், 4.7 லீற்றர் பெற்றோல். பெற்றோலில் மிச்சம் சுமார் 9,850 ரூபாய். அதில் 140 யூனிட்டுக்கான பணத்தைக் கழிக்கவேண்டும். யூனிட் 30 ரூபாய்க்கு விழுந்தால் 5,650 ரூபாய் மிச்சம். 70 ரூபாய்க்கு விழுந்தால் மிச்சம் எதுவும் இல்லை.

யூனிட் எவ்வளவுக்கு விழும் என்பதுதான் பலர் கேட்க மறக்கும் கேள்வி. எங்கள் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 30 யூனிட்டின் விலைக்கும் 180 யூனிட்டுக்கு மேற்பட்டதன் விலைக்கும் பல மடங்கு வித்தியாசம். சித்தப்பா வீட்டில் மாதம் 90 யூனிட் போகிறது. அதற்குமேல் 140 ஏறினால் மொத்தம் 230. ஜீப் குடிக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு ஆகக்கூடிய விலைப் படியில் போய் விழும், நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். கையில் இருக்கும் மின்பட்டியலின் பின்பக்கத்தைப் பார்த்து, 140 யூனிட்டைக் கூட்டிப் போட்டால் எவரும் தமது விடையைக் காணலாம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறையும் நேரப்படியான கட்டண முறை ஒன்று உண்டு. அது தமது இணைப்புக்குக் கிடைக்குமா என்பதை வாகனம் எடுக்க முன்னரே மின்சார சபையில் கேட்கவேண்டும்.

'கூரையில் சோலர் போட்டால் எல்லாம் சரி' என்பது அடுத்த வாதம். பாதி சரி. பட்டியலைக் குறைக்க சோலர் உதவும். ஆனால் சபையின் வலையமைப்போடு இணைத்த சாதாரண சோலர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்திலும் வேண்டுமென்றால் தனியான பற்றறியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும், அது இன்னொரு பெருஞ்செலவு. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதை மறந்திருக்கமாட்டோம்.

2022 ஐயும் ஒழுங்காக நினைவுபடுத்த வேண்டும். அந்த ஜூனில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பிளக்-இன் இருந்திருந்தால் அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று மகன் சொல்வது நியாயம்தான். ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது. இந்த நாட்டில் டொலர் இல்லாமல் போனால் பெற்றோலும் கரண்டும் சேர்ந்தேதான் போகின்றன. இரண்டு வழி உள்ள வாகனத்துக்கு ஏதாவது ஒரு வழி கொஞ்சமாவது திறந்திருக்கும் என்பது உண்மை. அந்தக் காப்புறுதிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதே மிச்சக் கேள்வி.

விலையைப் பார்ப்போம். சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, குறித்த பெறுமதியைத் தாண்டினால் ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் என்று ஏறி, இந்த ஜீப்கள் இங்கே கோடி ரூபாயைத் தாண்டி நிற்கின்றன. சிறிய சாதாரண ஹைபிரிட் ஒன்றுக்கும் இதற்கும் வித்தியாசம் 30 இலட்சம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதம் 5,650 மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் திரும்பிவர 44 வருடம் ஆகும். கரண்ட் இலவசம் என்றாலே 25 வருடம். சித்தப்பாவுக்கு வயது 68.

அப்படியானால் மலிவான பழைய அவுட்லாண்டர்? அதற்கு நான்கு சக்கர இழுவை உண்டு, மாரியில் வயல்பாதைக்கு நல்லது. ஆனால் பற்றறியின் மிச்ச ஆரோக்கியத்தை ஸ்கானர் கொழுவிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. கிலோமீற்றர் மானியை நம்பவேண்டாம். நூறு வீதம் சார்ஜ் ஏற்றி, குளிரூட்டியைப் போட்டு, பெற்றோல் இயந்திரம் விழிக்கும்வரை ஓட்டிப் பார்ப்பதே நாட்டு வைத்தியம். இன்னொன்று: ஜப்பானில் இருந்து வந்த வாகனத்துக்குள் இருக்கும் மின்சாரச் சொக்கற் 100 வோல்ற். புயலில் கரண்ட் போனால் வாகனத்தில் இருந்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை ஓட்டலாம் என்று சொன்னால், எங்கள் 230 வோல்ற் சாமானுக்கு அது ஒத்துவராது.

எந்த ஜீப் என்றாலும் வீட்டு வயரிங் முக்கியம். மாலையில் பக்கத்துக் காணிகளில் பம்பு போட்டால் வோல்ற்றேச் விழும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. சாதாரணச் சொக்கற்றில் ஐந்தாறு மணிநேரம் தொடர்ந்து பாரம் இழுத்தால் அது உருகும். மீற்றர் பெட்டியில் இருந்து தனி வயர், தனி பிறேக்கர், ஒழுங்கான ஏர்த் கம்பி வேண்டும். திரும்பி வந்து அவசரமாகக் கட்டிய திட்ட வீடுகளில் ஏர்த் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

வெள்ளமும் உண்டு. 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது நீர் எங்கே வரை வந்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மறுபடியும் காட்டிவிட்டுப் போனது. உயர்மின்னழுத்தப் பற்றறி வாகனத்தின் அடியில் இருக்கிறது. நீர் புகாமல் மூடியிருந்தாலும், வெள்ளத்தில் நின்ற வாகனத்தைப் பரிசோதிக்காமல் கொழுவக்கூடாது. பார்ப்பதற்கு ஜீப்பாக இருப்பதாலேயே எல்லாம் வாய்க்காலைத் தாண்டாது, முன்சக்கர இழுவை மட்டும் உள்ளவை சேற்றில் கார்தான். திருத்தும் இடம் எங்கே, உதிரிப்பாகம் வர எத்தனை நாள் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கவேண்டும். அதற்குக் கொழும்பு என்று பதில் வந்தால், ஒவ்வொரு சேர்விசுக்கும் 330 கிலோமீற்றர் என்று கணக்கில் சேர்க்கவேண்டும்.

புலம்பெயர்ந்தவர்கள் வருடத்தில் ஒருமாதம் வந்து ஓட்ட வாங்கி நிறுத்தும் வாகனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்றால் சிறிய 12 வோல்ற் பற்றறி இறங்கும், தாங்கியில் பெற்றோல் பழுதாகும், எலி வயரைக் கடிக்கும். ஓடாத பிளக்-இன்னைப்போல வீண்செலவு வேறு இல்லை.

பிளக்-இன் யாருக்குப் பொருந்தும் என்றால், தினமும் அறுபது எழுபது கிலோமீற்றர் ஓடுபவருக்கு. கிளிநொச்சியில் இருந்து வெளியூருக்கு வேலைக்குப் போய்வரும் உத்தியோகத்தர், கூரையில் ஏற்கெனவே சோலர் உள்ள அரிசி ஆலைக்காரர், கடன் இல்லாமல் வாங்கக்கூடியவர். அவர்களுக்கு என்னுடைய கணக்குத் தலைகீழாகும். அவர்கள் புதியதை எடுப்பதே நல்லது, வெயிலைத் தாங்கும் இரும்புப் பொஸ்பேற் வகைப் பற்றறி சீலயனில் உண்டு.

ஈடு வைப்பது பற்றித்தான் எனக்குக் கோபம். யுத்தம் முடிந்த கையோடு வடக்கில் பாதை திறந்தது, பாதையோரம் லீசிங் கந்தோர்களும் திறந்தன. உழவு இயந்திரங்களையும் முச்சக்கரவண்டிகளையும் தவணை தவறியதற்காக இரவில் வந்து இழுத்துச் சென்றதைப் பார்த்தோம். 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்யும் நிலை வந்தது. முள்ளிவாய்க்கால் கரையில் எரிந்தும் துருவேறியும் வரிசையாகக் கிடந்த வாகனங்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் நெல்லும் நகையும்தான். வாகனம் போகும், திரும்ப வாங்கலாம். உறுதி போனால்?

இதையெல்லாம் சித்தப்பா மகனுக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "சரி அண்ணா, வயலைத் தொடவேண்டாம் எண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ" என்று செய்தி வந்தது. தடைக்கு முன் வந்த சாதாரண ஹைபிரிட் கார் ஒன்றை, கையில் இருந்த காசுக்கு, யாழ்ப்பாணத்தில் பார்த்து வைத்திருக்கிறோம். பற்றறியைச் சோதிக்க வரும் வெள்ளிக்கிழமை பெடியனைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அன்றைக்குத்தான் கிளினிக்கும்.