வெப்சைட் தொடங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி



பாடசாலைக்கு, பள்ளிவாசலுக்கு, பழைய மாணவர் சங்கத்துக்கு என்று வெப்சைட் செய்யும் பேச்சு அடிக்கடி வருகிறது. நல்ல விஷயம். ஆனால் நாம் கேட்பதெல்லாம் லோகோவும் செலவும்தான். சேர்வரில் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சேர்வர் என்பது இரவு பகலாக ஓடும் ஒரு கணனி. அதிலுள்ள ஒவ்வொரு சேவையும் ஒரு போர்ட் இலக்கத்தில் யாராவது அழைக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். வெப்சைட் பார்க்க வருபவருக்கு 80, 443 இரண்டும் போதும். தரவுத்தளம் 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது சேர்வருக்கு உள்ளே மட்டும் கேட்டால் போதும். அதை 0.0.0.0 என்று விட்டால் உலகமே வந்து தட்டலாம்.

2017 ஜனவரியில் இதுதான் நடந்தது. கடவுச்சொல் கூட இல்லாமல் வெளியே திறந்து கிடந்த பல்லாயிரம் மொங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டு பிட்கொயின் கேட்டார்கள். யாரும் பூட்டை உடைக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது.

"நம்ம சின்ன ஊரை யார் தேடி வரப்போறாங்க?" என்பீர்கள். தேடுவது மனிதர் இல்லை, மென்பொருள். அது முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். அதற்குப் பசறையும் ஒன்றுதான், கொழும்பும் ஒன்றுதான்.

திறந்திருக்க வேண்டிய கதவிலும் பழைய மென்பொருளை நிறுத்தி வைக்கக்கூடாது. 2023 ஆகஸ்டில் நம் அரசாங்க மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது, காலாவதியான பதிப்பு பாவனையில் இருந்தது. சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு பேக்கப்பும் இருக்கவில்லை.

ஸகாத் கேட்டு விண்ணப்பித்த ஒரு விதவைத் தாயின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், நம் பிள்ளைகளின் பிறந்த திகதியும் வீட்டு முகவரியும் நம்மிடம் உள்ள அமானிதம். பதிவேட்டை அலுமாரியில் பூட்டி வைக்கும் நாம், அதே விபரத்தைக் கணனியில் ஏற்றிவிட்டு யாருக்கும் திறந்து விடலாமா?

வெப்சைட் செய்து தருபவரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது, ஏன்? தரவுத்தளம் உள்ளே மட்டும்தான் கேட்கிறதா? பேக்கப் எங்கே, புதுப்பிப்பது யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் முற்பணம் கொடுக்காதீர்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இதை எத்திவையுங்கள்.