ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கிறதா? இரண்டு இயர்பட்ஸும் சேராதது ஏன்... சரிசெய்வது எப்படி?

இரண்டு இயர்பட்ஸையும் காதில் மாட்டியாச்சு. போனில் 'கனெக்டட்' என்று காட்டுகிறது. ஆனால் பாட்டு வலது காதில் மட்டும்தான் வருகிறது. இடது பக்கம் சத்தமே இல்லை. வயர்லெஸ் இயர்பட்ஸ் பயன்படுத்தும் பலருக்கும் பழக்கமான பிரச்னை இது. 'ஒரு பக்கம் போயிடுச்சு' என்று முடிவு கட்டி, புது ஜோடி வாங்குபவர்களும் உண்டு.

ஆனால் பல நேரங்களில் போனது இயர்பட் அல்ல. இரண்டு இயர்பட்ஸுக்கும் நடுவே இருந்த தொடர்புதான் அறுந்திருக்கும். அதை வீட்டிலேயே, காசு செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். அதற்கு முன், இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கருவிதான்

ப்ளூடூத் வழியாகப் பாட்டு கேட்பதற்கான 'ஏ2டிபி' என்ற விதிமுறை 2003-ம் ஆண்டில் வந்தது. அப்போது இருந்தவை, இரண்டு பக்கமும் கம்பியால் இணைந்த ஹெட்போன்களும் ஸ்பீக்கர்களும்தான். அதனால் ஒரு போன், ஒரு கருவிக்குப் பாட்டை அனுப்பும் என்ற கணக்கில்தான் அந்த விதிமுறை எழுதப்பட்டது. இடது, வலது என இரண்டு ஒலிகளும் ஒரே பொட்டலமாகப் போகும். பிரித்துக்கொள்வது ஹெட்போனின் வேலை.

பிறகு நடுக்கம்பியே இல்லாத இயர்பட்ஸ் வந்தன. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் 2016-ல் அறிமுகமானபின் இந்த வகை எல்லா விலையிலும் பரவியது. இப்போது காதில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு தனிக் கருவிகள். ஆனால் போன் பழைய விதிப்படி ஒன்றோடுதான் பேசும். அப்படியென்றால் இன்னொன்றுக்குப் பாட்டு எப்படிப் போகிறது?

இதற்கு நிறுவனங்கள் தாங்களே குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்தன.

- கைமாற்றும் முறை: ஒரு இயர்பட் 'தலைவர்'. போனிலிருந்து வரும் முழுப் பாட்டையும் அது வாங்கி, மறுபக்கத்துக்கான பங்கை அடுத்த இயர்பட்டுக்கு அனுப்பும். ஆரம்பகால மாடல்கள் பலவும் இப்படித்தான். தலைவரின் பேட்டரி மட்டும் சீக்கிரம் தீர்வதற்கும் இதுதான் காரணம்.
- ஒட்டுக்கேட்கும் முறை: போன் ஒரு இயர்பட்டோடு பேசும். இன்னொன்று அதே அலையைச் சத்தமில்லாமல் ஒட்டுக்கேட்டு, தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கான ரகசியச் சாவியை முதல் இயர்பட் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும்.
- தனித்தனி இணைப்பு: குவால்காம் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த ஒரு முறையில் போனே இரண்டு இயர்பட்ஸோடும் தனித்தனியாகப் பேசியது. ஆனால் போனிலும் இயர்பட்ஸிலும் அதற்குரிய குவால்காம் சிப் இருந்தால்தான் இது நடக்கும்.

முதல் இரண்டு முறைகளிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. இரண்டு இயர்பட்ஸும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டிருக்க வேண்டும். அந்த அறிமுகம் அழிந்துவிட்டால், போனில் என்ன செய்தாலும் ஒரு பக்கம்தான் கேட்கும்.

நடுவில் நிற்கும் தலை

ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இந்த அலையை நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மனித உடலில் பெரும்பகுதி நீர்தான் என்பதால், இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவில் இருக்கும் தலையே ஒரு தடுப்புச் சுவர். போனை பேண்ட்டின் பின்பாக்கெட்டில் வைத்து நடக்கும்போது ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டுக் கேட்பதற்கும் உடல் மறைப்பதுதான் காரணம். போனை மேல்சட்டைப் பைக்கு மாற்றினாலே சிலருக்குப் பிரச்னை தீர்ந்துவிடும்.

இதோடு நேரக் கணக்கும் உண்டு. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் மூளை கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. இரண்டு இயர்பட்ஸும் அவ்வளவு துல்லியமாக ஒன்றுசேர்ந்து ஓடினால்தான், வயலின் ஒரு பக்கமும் புல்லாங்குழல் இன்னொரு பக்கமும் பிரிந்து கேட்கும்.

முதலில் உங்க பிரச்னை எதுன்னு பாருங்க

- ஒரு பக்கம் சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை: சார்ஜ் ஏறாத பிரச்னை.
- இரண்டிலும் விளக்கு எரிகிறது, ஆனால் ஒன்றில்தான் பாட்டு வருகிறது: இரண்டுக்கும் இடையே ஜோடி சேரவில்லை.
- இரண்டிலும் கேட்கிறது, ஒன்றில் மட்டும் சத்தம் குறைவு: வலை அடைப்பு அல்லது போனில் பேலன்ஸ் மாறியிருக்கிறது.
- இரண்டிலும் ஒரே அளவில் கேட்கிறது, ஆனால் இடது வலது வித்தியாசம் இல்லை: மோனோ அமைப்பு.

படிப்படியாகச் சரிசெய்யும் முறை

1. சார்ஜ் ஏறும் இடத்தைத் துடையுங்கள். கேஸின் உள்ளேயும் இயர்பட்டிலும் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். வியர்வையும் தூசியும் படிந்தால் அந்தப் பக்கம் சார்ஜ் ஏறாது. உலர்ந்த காட்டன் பட்ஸால் மெதுவாகத் துடைத்து, அரை மணி நேரம் கேஸில் வையுங்கள். புதிதாக வாங்கியது என்றால், அந்தப் புள்ளிகள் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கரை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

2. போனின் நினைவிலிருந்து நீக்குங்கள். ப்ளூடூத் பட்டியலில் இயர்பட்ஸின் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள். பழைய மாடல்களில் ஒரே பெயர் 'எல்', 'ஆர்' என இரண்டு முறை தெரியும். அப்படி இருந்தால் இரண்டையும் நீக்க வேண்டும்.

3. வீட்டில் உள்ள மற்ற கருவிகளில் ப்ளூடூத்தை அணையுங்கள். பழைய போன், லேப்டாப், டிவி என முன்பு இணைத்த ஏதாவது ஒன்று, ஒரு இயர்பட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம்.

4. இயர்பட்ஸை ரீசெட் செய்யுங்கள். இதுதான் முக்கியமான படி. பழைய அறிமுகத்தை அழித்து, இரண்டையும் புதிதாகச் சேர்த்து வைப்பது இங்கேதான். சில மாடல்களில் கேஸில் உள்ள பட்டனைப் பத்து, பதினைந்து விநாடி அழுத்த வேண்டும். சிலவற்றில் இரண்டு இயர்பட்ஸையும் கேஸில் வைத்துக்கொண்டே தொடுபகுதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், பெட்டியோடு வந்த கையேட்டையோ நிறுவனத்தின் இணையதளத்தையோ பார்த்துச் செய்யுங்கள்.

5. முதலில் அவை சேரட்டும், அப்புறம் போன். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். போனின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, இரண்டு இயர்பட்ஸையும் ஒரே நேரத்தில் கேஸிலிருந்து எடுத்துச் சில விநாடிகள் விடுங்கள். பல மாடல்களில் இரண்டும் சேர்ந்ததும் ஒன்றின் விளக்கு அணைந்து, இன்னொன்று மட்டும் மினுங்கும். அதன்பிறகு போனில் ப்ளூடூத்தை ஆன் செய்து இணையுங்கள்.

6. இரண்டு பெயர் தெரிந்தாலும் ஒன்றை மட்டும் தொடுங்கள். 'எல்', 'ஆர்' இரண்டையும் தனித்தனியாக இணைக்க முயன்றால், கைமாற்றும் முறையில் இயங்கும் மாடல்களில் குழப்பம்தான் வரும். ஒன்றை இணைத்தால் போதும். மற்றது தானாகப் பின்னால் வரும். 'இணைய அனுமதிக்கவா' என்று போனில் இன்னொரு கேள்வி வந்தால் மட்டும் சம்மதம் கொடுங்கள்.

7. வலையைச் சுத்தம் செய்யுங்கள். காது அழுக்கு வலையை அடைத்தால் அந்தப் பக்கம் சத்தம் குறையும். ரப்பர் முனையைக் கழற்றி, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி, தண்ணீர் இரண்டும் வேண்டாம்.

இரண்டிலும் கேட்குது, ஆனா ஸ்டீரியோ இல்லையே?

இதற்குக் காரணம் பெரும்பாலும் இயர்பட்ஸ் அல்ல, போனில் உள்ள ஒரு சின்ன சுவிட்ச். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி' பகுதியில், ஒலி தொடர்பான பிரிவுக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும். அது ஆனாகியிருந்தால் இடது, வலது ஒலிகள் கலந்து இரண்டு காதிலும் ஒரே மாதிரி கேட்கும். அதை ஆஃப் செய்து, பக்கத்தில் உள்ள பேலன்ஸ் கோட்டை நடுவில் நிறுத்துங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பிலும் 'அக்சசிபிலிட்டி' பகுதியில் இதே சுவிட்ச் உண்டு.

அந்த சுவிட்ச் தேவையில்லாத ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் உள்ளவர்களுக்காக வைக்கப்பட்டது அது. ஸ்டீரியோவில் ஒரு பக்கத்து ஒலி அவர்களுக்குக் கிடைக்காமலே போய்விடும். மோனோவில் எல்லாமே ஒரு காதுக்கு வந்துவிடும். இயர்பட்ஸில் ஒன்று தொலைந்து, மற்றதை வைத்துச் சமாளிப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு, மீட்டிங்கின்போது பாட்டின் தரம் திடீரென்று பழைய டெலிபோன் மாதிரி ஆவதைக் கவனித்திருக்கலாம். மைக் ஆன் ஆனதும் ப்ளூடூத், பாட்டுக்கான ஏ2டிபியை விட்டு, பேச்சுக்கான 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' முறைக்கு மாறுவதால் வரும் விளைவு அது. அந்த முறையில் மோனோ மட்டும்தான். மீட்டிங் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால், காதில் ஸ்டீரியோ திரும்பிவிடும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 5.3-ஐ நம்பலாமா?

இந்தக் குறுக்கு வழிகளுக்கெல்லாம் முடிவுகட்ட வந்ததுதான் 'எல்இ ஆடியோ'. 2020-ல் அறிவிக்கப்பட்டு, 2022-ல் அதன் விதிமுறைகள் முழுமையடைந்தன. இதில் போனே இடது இயர்பட்டுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு ஒலி ஓடைகளை, நேரம் பிசகாமல் அனுப்பும். தலைவர், தொண்டர் பிரிவு தேவையில்லை. 'எல்சி3' என்ற புதிய சுருக்க முறையால் பேட்டரி செலவும் குறையும். ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்கு ஆதரவு இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். கடைகளில் குறைந்த விலை இயர்பட்ஸ் பெட்டிகளிலும் 'ப்ளூடூத் 5.3' என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து எல்இ ஆடியோ இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது கட்டாய அம்சம் அல்ல. ஒரு நிறுவனம் 5.3 சிப்பைப் போட்டுவிட்டு, பாட்டை மட்டும் பழைய ஏ2டிபி வழியிலேயே அனுப்பலாம். போன், இயர்பட்ஸ் இரண்டிலும் எல்இ ஆடியோ இருந்தால்தான் பலன்.

இத்தனை மணி நேர பேட்டரி, இத்தனை எம்எம் டிரைவர் என்று பெட்டி முழுக்க எண்கள் இருக்கும். இரண்டு இயர்பட்ஸும் தங்களுக்குள் எப்படிப் பேசுகின்றன என்பது பெரும்பாலும் இருக்காது. ஒரு ஜோடி எத்தனை நாள் ஜோடியாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று. எனவே வாங்கும் முன் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எல்இ ஆடியோ இருக்கிறதா? எந்தப் பக்கத்தையும் தனியாகப் பயன்படுத்த முடியுமா? ஒன்று தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்க முடியுமா?

மூன்றாவது கேள்வி பாக்கெட்டைப் பாதுகாக்கும். சில நிறுவனங்கள் ஒற்றை இயர்பட்டைத் தனியாக விற்கின்றன. அதுவும் அதே மாடலாக இருக்க வேண்டும். வேறு மாடலின் இயர்பட்டைக் கேஸில் வைத்தால், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஜோடி சேராது.

எதுவும் சரியாகலையா? வாரண்டியை விடாதீங்க

மேலே சொன்ன எல்லாம் செய்தும் ஒரு பக்கம் பேசவில்லை என்றால், உள்ளே பேட்டரியோ சர்க்யூட்டோ பழுதாகியிருக்கலாம். பெரும்பாலான இயர்பட்ஸில் பேட்டரியை மாற்ற முடியாது, ஒட்டி மூடியிருப்பார்கள். எனவே வாரண்டி காலத்துக்குள் போவது முக்கியம். பில், பெட்டி, வாங்கிய தேதி ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். பிரச்னை தெரியும்படி ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் இயர்போன்களுக்கு இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-ன் பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். நிறுவனம் வாரண்டியை மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கும் தீர்வு இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

ஒரு காதே போதும்னு விட்டுடாதீங்க

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் இயர்பட்ஸோடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, காதின் ஆரோக்கியம். ஒரே ஒலி இரண்டு காதிலும் கேட்கும்போது கூடுதல் சத்தமாகத் தெரியும். ஒரு காதில் மட்டும் கேட்கும்போது அதை ஈடுகட்ட நம் விரல் தானாக வால்யூமை ஏற்றும். பஸ் சத்தம், டிராஃபிக் சத்தம் மறுகாதில் நேரடியாக விழுவதால் இன்னும் ஏற்றுவோம். முழுச் சுமையும் ஒரே காதின் மேல்.

80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான எல்லை. சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்கள் செவித்திறன் இழக்கும் அபாயத்தில் இருப்பதாகவும் அந்த அமைப்பு எச்சரிக்கிறது.

இன்னொரு விஷயம். இயர்பட்ஸை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தும், வேறு ஹெட்போனில் கேட்டும், அதே காதில் மட்டும் சத்தம் குறைவாகத் தெரிந்தால் ரீசெட் செய்ய வேண்டியது இயர்பட்டை அல்ல. காது அடைப்பாக இருக்கலாம், செவித்திறன் பிரச்னையாகவும் இருக்கலாம். ஒரு காதில் திடீரென்று கேட்காமல் போனால் தள்ளிப்போடாமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் செவித்திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம்.